இரவில் நிலக்காட்சி: டார்ச் வெளிச்சமும் எச்டிஆரும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரங்கம்பாடியில் கடலை ஒட்டி நிற்கும் டேன்ஸ்போர்க் கோட்டையைப் பல வருடங்களாக இரவில் எடுத்துவருகிறேன். அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் அந்தக் கரையிலிருந்தே வரும். ஆனால் கண்மாய்க்கரையில் நிற்கும் ஒற்றைப் பனைக்கும், செஞ்சிப் பக்கத்துப் பாறைக் குன்றுக்கும் இதே முறைதான்.

லைட் பெயின்டிங் என்றால் என்ன?

கேமராவை டிரைபாடில் நிறுத்தி, ஷட்டரை இருபது முப்பது விநாடி திறந்து வைத்துவிட்டு, அதற்குள் டார்ச் வெளிச்சத்தால் காட்சியின் சில பகுதிகளைத் தடவிக் கொடுப்பது. விழுகிற வெளிச்சத்தையெல்லாம் சென்சார் சேர்த்துக்கொண்டே போகும். நீங்கள் காட்சிக்குள் நடந்தாலும், உங்கள் மேல் வெளிச்சம் படாமல், ஓரிடத்தில் நின்றுவிடாமல் இருந்தால் படத்தில் விழ மாட்டீர்கள். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

புதிய வித்தை இல்லை இது. 1889இல் எத்தியென் ஜூல் மாரே, ஜார்ஜ் தெமெனி என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் மனிதரின் மூட்டுகளில் சின்ன விளக்குகளைக் கட்டி நடக்கவிட்டு, அந்த நடையைப் படமாக்கினார்கள். 1949இல் ஜோன் மிலி என்ற புகைப்படக்காரர் பிக்காசோவின் கையில் ஒரு சின்ன விளக்கைக் கொடுத்து இருட்டில் வரைய வைத்தார். அவர்கள் விளக்கைக் கேமராவுக்குக் காட்டினார்கள். நிலக்காட்சியில் நேர்மாறு: விளக்கு கேமராவுக்குத் தெரியவே கூடாது, அது தொட்ட இடம் மட்டும் தெரிய வேண்டும்.

எச்டிஆர் எதற்கு? டார்ச் மட்டும் போதாதா?

பல நேரம் போதும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டார்ச்சும் எச்டிஆரும் ஒரே சிக்கலுக்கான இரண்டு வழிகள்.

சிக்கல் இதுதான். சூரியன் மறைந்த பிறகும் வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கிறது, கோட்டையின் அடிச்சுவரோ கரி மாதிரி இருக்கிறது. வானத்துக்கு எக்ஸ்போஷர் (சென்சாருக்குள் விடும் வெளிச்சத்தின் அளவு) வைத்தால் சுவர் போய்விடும், சுவருக்கு வைத்தால் வானம் வெளுத்துவிடும். எச்டிஆர் (ஹை டைனமிக் ரேஞ்ச்) முறையில் குறைவு, நடு, அதிகம் என்று பல எக்ஸ்போஷர்களில் எடுத்து, ஒவ்வொன்றிலும் நன்றாக வந்த பகுதியைச் சேர்க்கிறோம். 1850களிலேயே பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து ஒரே தாளில் அச்சிட்டார். கணினியில் இதைச் செய்யும் கணக்கை 1997இல் பால் டெபவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள்.

டார்ச் என்ன செய்கிறது? இருட்டான சுவருக்கு வெளிச்சம் கொடுத்து, வானத்துக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அந்த இடத்திலேயே குறைத்துவிடுகிறது. அதனால் என் வரிசை எப்போதும் டார்ச் முதலில், அது தீர்க்காத மிச்சத்துக்கு மட்டும் எச்டிஆர். எச்டிஆரால் இருக்கிற வெளிச்சத்தைத்தான் தூக்கிக் காட்ட முடியும். பக்கவாட்டில் விழும் நிழலை அது உண்டாக்காது. சுவருக்கு உருவம் கொடுப்பது அந்த நிழல்.

எந்த நேரத்தில் போக வேண்டும்?

நம் ஊரில் அந்தி சீக்கிரம் முடிந்துவிடும். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் சாய்வாக வழுக்காமல் ஏறக்குறைய நேராகக் கீழே இறங்குகிறது. மறைந்து ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முழு இருட்டு. லண்டனில் ஜூன் மாதத்தில் இரவு முழுக்கவே வானம் முற்றிலும் இருட்டுவதில்லை. அங்கே எடுத்த பாட வீடியோக்களைப் பார்த்துவிட்டு நிதானமாகக் கிளம்பினால் இங்கே ஏமாற்றம்தான். நமக்கு நல்ல நீலம் கிடைப்பது சூரியன் மறைந்து சுமார் கால் மணியிலிருந்து முப்பத்தைந்து நிமிடம் வரை. டிரைபாட், ஃபிரேம், ஃபோகஸ் எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

கிழக்குக் கடற்கரைக்கு ஒரு கொடுப்பினை உண்டு. சூரியன் நம் முதுகுப் பக்கம் மறைந்ததும், எதிரே கடலின் விளிம்பில் சாம்பல் நீலத்தில் ஒரு பட்டை எழும். அதன் மேல் இளஞ்சிவப்பில் இன்னொரு பட்டை. கீழே இருப்பது பூமியின் நிழல். கரையில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் மேற்கையே பார்த்துக்கொண்டு இதைத் தவறவிடுகிறார்கள். கால் மணிக்குள் கரைந்துவிடும்.

நிலா இருக்கலாமா?

இருந்தால் நல்லது, எந்தத் திதி என்பதைப் பொறுத்து. தினசரி காலண்டரைக் கிழிக்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வளர்பிறை அஷ்டமியை ஒட்டிய நாட்களில் மாலையில் நிலா உச்சியில் இருக்கும், எட்டு ஒன்பது மணிக்கு மேற்கே சாயும், நள்ளிரவு வாக்கில் மறையும். கோட்டையின் கடல் பார்த்த முகம் நிழலில் இருக்க, மணலும் அலையும் மட்டும் லேசாகத் தெரியும். டார்ச் வேலைக்கு இதைவிட நல்ல இரவு கிடையாது. அரைநிலா என்றால் பௌர்ணமியில் பாதி வெளிச்சம் என்று நினைக்க வேண்டாம், பத்தில் ஒரு பங்குதான் வரும்.

பௌர்ணமி கழிந்த இரவுகளில் நிலா கடலிலிருந்து எழுந்து கோட்டை முகத்தில் நேராக அடிக்கும். அப்போது டார்ச்சுக்கு அதிக வேலையில்லை.

நிலாவையே படத்துக்குள் வைக்க வேண்டுமானால் பௌர்ணமிக்கு முந்தைய மாலையில் போங்கள். நிலா ஏறக்குறைய முக்கால் மணி முன்னதாக எழுந்துவிடும். வானத்தில் பகல் வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே நிலாவும் நிற்பதால் இரண்டும் ஒரே எக்ஸ்போஷருக்குள் அடங்கும். இருட்டிய பிறகு எடுத்தால் நிலா வெறும் வெள்ளைப் பொட்டாகிவிடும்.

என்ன செட்டிங் வைக்கலாம்?

மேனுவல் மோட், ரா கோப்பு (சென்சார் பதிந்ததை அப்படியே சேமிப்பது), ஒயிட் பேலன்ஸை (வண்ணச் சாயல் அமைப்பை) ஆட்டோவில் விடாமல் ஏதாவது ஒன்றில் நிலையாக வைத்தல். இந்த மூன்றும் எப்போதும்.

நீல நேரத்தில் ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 100, அப்பெர்ச்சர் (லென்ஸின் துவாரம்) எஃப் 8 வைத்து 2, 8, 30 விநாடி என மூன்று எக்ஸ்போஷர். ஷட்டரை மட்டும் மாற்றுங்கள். அப்பெர்ச்சரை மாற்றினால் ஃபோகஸ் ஆழம் மாறி, படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. பௌர்ணமி வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 800, எஃப் 4, 8 முதல் 15 விநாடி. அமாவாசையில் நட்சத்திரங்களோடு வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ 3200, எஃப் 2.8, 15 முதல் 20 விநாடி. நட்சத்திரம் கோடாகாமல் இருக்க, 500ஐ லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்து வருகிற விநாடிக்குள் நிற்கச் சொல்வார்கள். 24 மில்லிமீட்டருக்கு அது இருபது விநாடி. இன்றைய அதிக மெகாபிக்சல் கேமராக்களுக்கு 500க்குப் பதில் 300 வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. டார்ச் பட்ட இடம் எவ்வளவு பிரகாசமாக வரும் என்பதை அப்பெர்ச்சர், ஐஎஸ்ஓ, நீங்கள் டார்ச் அடித்த விநாடிகள் ஆகியவை முடிவு செய்கின்றன. வானத்துக்கு அப்பெர்ச்சர், ஐஎஸ்ஓ, ஷட்டர் திறந்திருந்த மொத்த நேரம். ஆகவே சுவர் சரியாக வந்து வானம் மட்டும் அதிக வெளிச்சமாக இருந்தால், ஷட்டர் நேரத்தை மட்டும் குறையுங்கள், டார்ச்சைப் பழையபடியே அடியுங்கள். இது பிடிபட்டுவிட்டால் முக்கால்வாசி தடுமாற்றம் போய்விடும்.

இருட்டில் ஃபோகஸ் எப்படி?

சுவரில் டார்ச் அடித்து ஆட்டோஃபோகஸ் பூட்டியதும் லென்ஸை மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். சுவர் தூரமாக இருந்தால் அங்கே ஒரு போனை வெளிச்சத்தோடு வைத்து அதன் மேல் ஃபோகஸ் செய்யலாம். நட்சத்திரத்துக்கு லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில்) பெரிதாக்கிப் பார்த்து, புள்ளி மிகச் சிறியதாகும் இடத்தில் நிறுத்துங்கள். லென்ஸில் போட்டிருக்கும் முடிவிலிக் குறியை நம்பாதீர்கள்.

டார்ச்சை எங்கே நின்று, எப்படி அடிப்பது?

கேமராவுக்குப் பக்கத்தில் நின்று மட்டும் அடிக்காதீர்கள்.

கோட்டையை முதன்முதலில் எடுத்தபோது நான் அப்படித்தான் செய்தேன். பெரிய டார்ச், டிரைபாடுக்கு அருகிலிருந்து நேராக. சுவர் முழுக்கத் தெரிந்தது, ஆனால் துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி தட்டையாக இருந்தது. மறுநாள் கேமராவை அதே இடத்தில் தெற்கு நோக்கி வைத்தேன். வலப்புறம் கோட்டை, இடப்புறம் கடல். நான் சுவரை ஒட்டியே நடந்து முன்னால் போய், ஒரு கை தூரத்தில் நின்று, டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தேன். காரை உதிர்ந்து செங்கல் வெளியே தெரியும் ஓர் இடம் அங்கே உண்டு. வெளிச்சம் சாய்வாக வந்ததும் ஒவ்வொரு செங்கலுக்கும் பின்னால் விரல் அகலத்துக்கு ஒரு நிழல் விழுந்தது. காரையின் உடைந்த விளிம்பு ஒரு தீவின் கரை போல மேடாக எழுந்து நின்றது. உப்புக் காற்று அரித்த குழிகள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. 1620இல் எழுந்த கோட்டை அது. அந்த வயது முதன்முறையாகப் படத்தில் விழுந்தது அன்றைக்குத்தான்.

அன்றிலிருந்து நான் பின்பற்றுவது: கேமராவின் பார்வைக் கோட்டுக்கு நாற்பத்தைந்து முதல் தொண்ணூறு டிகிரி பக்கவாட்டிலிருந்து வெளிச்சம். டார்ச்சின் முகம் கேமராவுக்குத் தெரியாமல் உடம்பால் மறைத்துக்கொள்வேன். கையை ஓரிடத்தில் நிறுத்தினால் அங்கே ஒரு வெள்ளை வட்டம் விழும், அதனால் வாசலில் தண்ணீர் தெளிப்பதுபோல் கை ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசியாகிவிடும், எனவே பக்கத்தில் இருப்பதை வேகமாகவும் தூரத்தில் இருப்பதை நின்று நிதானமாகவும் தடவ வேண்டும். சுவரின் அடிப்பகுதி எப்போதும் அளவுக்கு மீறி வெளிச்சம் வாங்கிக்கொள்ளும். கவனியுங்கள்.

எல்லாவற்றையும் வெளிச்சமாக்காதீர்கள். நான்கு மூலைகளையும் டார்ச்சால் நிரப்பிய படம் பகலில் எடுத்ததுபோல் இருக்கும், அப்புறம் இரவில் போனதற்கு என்ன பயன்? ஒரு வளைவு, ஒரு படிக்கட்டு, ஒரு சுவர் முனை போதும்.

பனைமரத்துக்கும் இதேதானா?

தண்டுக்கு ஆம். சாய்வு வெளிச்சத்தில் அதன் வளையங்கள் ஒவ்வொன்றும் எடுப்பாக வரும். ஓலை காற்றில் ஆடும், அதனால் கொண்டைக்கு டார்ச்சை ஒரே விநாடி மட்டும் தட்டி அணைத்துவிடுங்கள். மற்ற இருபத்தொன்பது விநாடியில் அது வானத்தின் முன் கறுப்பு உருவமாக இருந்தால் கெட்டுப்போகாது.

எவ்வளவு பவர் டார்ச் வாங்கலாம்?

நூறு, இருநூறு லூமன் போதும். அதற்கு மேல் போனால் இரண்டே விநாடியில் சுவர் வெளுத்துவிடும், கைக்கு அவகாசம் கிடைக்காது. கறுப்பு சார்ட் தாளைச் சுருட்டி ஒரு சாண் நீளக் குழாயாக முன்னால் மாட்டினால் வெளிச்சம் சிதறாது.

எல்இடி வெளிச்சம் நீலம் கலந்தது. நீல வானத்தின் கீழ் கல்லில் அது பட்டால் பிணக்களை தட்டும். டார்ச் முகத்தில் வெளிர் ஆரஞ்சு செல்லோபேன் தாளை ஒன்றோ இரண்டோ மடிப்பு கட்டுங்கள். கல் அகல் விளக்குப் பக்கத்தில் இருப்பதுபோல் சூடாகும், வானம் இன்னும் நீலமாகத் தெரியும். சிவப்பு, பச்சை, ஊதாத் தாள்களைப் பழைய கட்டடங்களுக்கு நான் பயன்படுத்துவதில்லை. கல்யாண மண்டப முகப்பு மாதிரி ஆகிவிடுகிறது.

இரண்டையும் ஒரே படத்தில் சேர்ப்பது எப்படி?

கேமராவை அசைக்காமல் ஒன்றரை மணி நேரம் காத்திருக்கத் தெரிந்தால் மற்றதெல்லாம் எளிது.

முதலில் நீல நேரத்தில் 2, 8, 30 விநாடி எக்ஸ்போஷர்கள். இவை வானத்துக்கும் கடலுக்கும். பிறகு நன்றாக இருட்டியதும், அதே இடத்தில், அதே ஃபோகஸில், டார்ச் படங்கள். ஒரே படத்தில் எல்லாவற்றையும் தடவி முடிக்க முயல வேண்டாம். சுவருக்கு ஒன்று, வளைவுக்கு ஒன்று, முன்னால் கிடக்கும் கற்களுக்கு ஒன்று எனத் தனித்தனியாக எடுங்கள். கற்களில் வெளிச்சம் கூடிவிட்டால் அந்த ஒன்றை மட்டும் திரும்ப எடுத்தால் போதும்.

வீட்டில் முதல் தொகுப்பை எச்டிஆராக இணைத்து அடி அடுக்காக வைக்கிறேன். அதன் மேல் டார்ச் படங்களை அடுக்கி, பிளெண்டிங் முறையை லைட்டன் என்று மாற்றுகிறேன். இரண்டு அடுக்கில் எது பிரகாசமோ அது மட்டும் தெரியும், ஆகவே டார்ச் பட்ட இடம் மேலே வந்து இருட்டான இடத்தில் நீலம் அப்படியே நிற்கும். கடைசியில் ஒவ்வொரு டார்ச் அடுக்கின் அடர்த்தியையும் பாதிக்குக் குறைத்துப் பார்க்கிறேன். பெரும்பாலும் அதுவே சரியாக இருக்கிறது.

மணலில் டிரைபாட் மெல்ல மெல்ல இறங்கும். கால்களை ஒரு சாண் ஆழம் அழுத்திவிட்டு, நடுவில் பையைத் தொங்கவிடுங்கள். அலை நனைக்கும் ஈர மணலில் நிற்க வேண்டியிருந்தால் ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு பலகைத் துண்டோ கொட்டாங்குச்சியோ வைக்கலாம். லென்ஸில் ஆட்டம் தடுக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள்.

அலையும் மேகமும் ஒவ்வொரு படத்திலும் வேறு இடத்தில் இருக்கிறதே?

அசைவதை எச்டிஆருக்குக் கொடுக்காதீர்கள். மூன்று படங்களின் அலையையும் சேர்த்தால் நுரை இரட்டை மூன்றாகத் தெரியும். எச்டிஆர் மென்பொருள்களில் இதற்கென்று பேய்நிழல் நீக்கும் வசதி உண்டு, ஆனால் அலைக்கு அது அரைகுறையாகத்தான் உதவும். 8 விநாடிப் படத்தின் கடலை மட்டும் எடுத்து, மற்ற பகுதியை மறைக்கும் மாஸ்க் போட்டு ஒட்டிவிடுகிறேன். நிலாவுக்கும் அதேதான்: அது தன் அகலத்தை இரண்டே நிமிடத்தில் நகர்ந்து கடந்துவிடும், பிரகாசமும் அதிகம். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 1/125 விநாடியில் தனியாக ஒன்று எடுத்து அதன் இடத்திலேயே வையுங்கள். பெரிதாக்கி ஒட்டாதீர்கள், தயவுசெய்து.

எச்டிஆர் படம் ஏன் பெயின்ட் அடித்ததுபோல் வருகிறது?

டோன் மேப்பிங்கை, அதாவது சேர்த்த வெளிச்ச வேறுபாட்டைத் திரையில் அடங்கும்படி சுருக்கும் வேலையை, அளவுக்கு மீறி இழுப்பதால். மென்பொருள் ஒவ்வொரு சின்னப் பகுதியிலும் தனித்தனியாக வேறுபாட்டைக் கூட்டும்போது, கோட்டைச் சுவர் வானத்தைத் தொடும் இடத்தில் ஒரு வெள்ளை ஒளிவட்டம் வருகிறது. மேகம் அழுக்குப் பஞ்சு மாதிரி ஆகிறது. ஸ்ட்ரக்சர், கிளாரிட்டி போன்ற பட்டன்களை நீங்கள் விரும்பும் அளவுக்கு வைத்துவிட்டு, பிறகு பாதிக்கு இறக்குங்கள். இறக்கிய பிறகு நிழல்களைப் பாருங்கள்: சுவரின் மிக இருட்டான மூலை உண்மையிலேயே கறுப்பாக இருக்கிறதா? இல்லையென்றால் இன்னும் இறக்கலாம். அன்று அந்தக் கரையில் நின்றபோது உங்கள் கண்ணுக்கு அந்த மூலை தெரியவில்லை அல்லவா? படத்திலும் தெரியாமல் இருக்கட்டும்.

எந்த மென்பொருள்?

லைட்ரூம், ஃபோட்டோமேட்டிக்ஸ் இரண்டும் காசு கொடுத்து வாங்குபவை. இலவசமாக டார்க்டேபிள், லூமினன்ஸ் எச்டிஆர், ஹூகினோடு வரும் என்ஃப்யூஸ் இருக்கின்றன. அடுக்கு வேலைக்கு கிம்ப் போதும். என்ஃப்யூஸ் டோன் மேப்பிங் செய்யாமல் நன்றாக வந்த பகுதிகளை மட்டும் கலப்பதால், இரவுப் படங்களுக்கு அதன் இயல்பான முடிவு எனக்குப் பிடிக்கும்.

போனில் முடியுமா?

முடியும். புரோ மோடில் ஷட்டரை 10 விநாடிக்கு மேல் வைக்க அனுமதிக்கும் போனும், அதைப் பிடிக்கும் ஒரு சின்ன டிரைபாடும் இருந்தால் மேலே சொன்ன எல்லாம் செய்யலாம். நைட் மோடை மட்டும் டார்ச் வேலைக்கு நம்ப வேண்டாம். அது பல குட்டிப் படங்களை எடுத்து, ஒன்றுக்கொன்று ஒத்துவராததைப் பிழை என்று தள்ளிவிடக்கூடும். நீங்கள் தடவிய வெளிச்சமும் அதில் போய்விடலாம்.

புள்ளி புள்ளியாக நாய்ஸ் வருகிறது. என்ன செய்ய?

ஒரே காட்சியை ஒரே செட்டிங்கில் நான்கு முறை எடுத்துச் சராசரி எடுத்தால் நாய்ஸ் பாதியாகும், பதினாறு முறை எடுத்தால் கால்வாசி. கேமராவில் இருக்கும் நீண்ட எக்ஸ்போஷர் நாய்ஸ் குறைப்பு, ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் அதே நேரத்துக்கு ஒரு இருட்டுப் படம் எடுக்கும். 30 விநாடி வேலை ஒரு நிமிடமாகிவிடும். அதை அணைத்துவிட்டு, கடைசியில் லென்ஸ் மூடியைப் போட்டு அதே நேரத்துக்கு ஒரு இருட்டுப் படம் நீங்களே எடுத்துவைத்து, வீட்டில் மற்ற படங்களிலிருந்து கழித்துவிடுங்கள்.

லென்ஸில் பனி மாதிரி படிந்துவிடுகிறது.

ஏசி அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்குப் போனால் அப்படித்தான். கேமராவைப் பைக்குள்ளேயே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு எடுங்கள். திரும்பியதும் டிரைபாட் கால்களை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், இல்லையென்றால் உப்பு தின்றுவிடும்.

யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா?

கோட்டைக்குள் அருங்காட்சியக நேரம் முடிந்ததும் போக முடியாது, நான் எடுப்பதெல்லாம் வெளியே மணலிலிருந்துதான். கோயில் என்றால் முதலில் அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள். பக்கத்திலேயே 1306இல் கட்டப்பட்ட மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. காப்புக்காட்டுக்குள் இரவில் வனத்துறை அனுமதியில்லாமல் காலே வைக்கக் கூடாது. மீனவர்கள் வலை காயவைக்கும் இடத்திலும் படகு இழுக்கும் வழியிலும் டிரைபாட் போடாதீர்கள். அதிகாலையில் அவர்கள் கிளம்பும்போது டார்ச் வெளிச்சம் முகத்தில் படவும் கூடாது.

ஆமைகள் வரும் காலத்தில் கடற்கரையில் டார்ச் அடிக்கலாமா?

கூடாது. தமிழகக் கிழக்குக் கரையில் பங்குனி ஆமைகள் ஜனவரி முதல் முட்டையிட வருகின்றன, மே வரை குஞ்சுகள் வெளிவருகின்றன. வெள்ளை வெளிச்சத்தைக் கண்டால் தாய் ஆமை கரையேறாமல் திரும்பிவிடலாம். குஞ்சுகளோ கடலின் மினுமினுப்பை நம்பி நடப்பவை, எந்த வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம் போய்விடும். அந்த மாதங்களில் மணலில் நடக்க மங்கலான சிவப்பு விளக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன், ஆமையைக் கண்டால் அதையும் அணைத்துவிடுகிறேன்.

அதனால் அந்த ஐந்து மாதமும் வேறு படங்கள் எடுக்கிறேன். பௌர்ணமி கழிந்த இரவுகளில் ஐஎஸ்ஓ 800, எஃப் 4, 15 விநாடி, நிலவொளி மட்டும். மார்ச் அமாவாசையில் பால்வீதியின் நடுப்பகுதி நள்ளிரவு தாண்டிக் கடலிலிருந்து எழும், மூன்று மணிக்குத் தென்கிழக்கில் நல்ல உயரத்தில் நிற்கும். அப்போது கோட்டை வெறும் கறுப்பு உருவம்தான்.